இரண்டாவது மடி

எனெலெசியால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் வலது மார்பு கனத்துத் தோள்பட்டை வரை இழுத்தது. எழுந்து நின்றால் லிம்பானி கண்ணைத் திறந்து அவளைத் தேடினான். அதனால் கட்டில் விளிம்பில் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தாள்.

“ஏய் இரட்டைக்காரி, நீ நிக்கிற நெலையப் பாத்தா எனக்கு மூத்திரம் முட்டுது. ஒண்ணு உக்காரு, இல்ல நில்லு” என்றாள் பக்கத்துக் கட்டில் நாசிபெகோ. அவள் ஏழு பிள்ளைகள் பெற்றவள். கடைக்குட்டி அவள் மடியில் இருமி இருமிக் களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

எனெலெசியின் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தவுடனேயே தங்களுக்குள் பாகம் பிரித்துக்கொண்டவர்கள். இடது பக்கம் லிம்பானிக்கு, வலது பக்கம் தடாலாவுக்கு. மாற்றிக் கொடுத்தால் இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஏழு மாதமாக இப்படித்தான். இப்போது லிம்பானி மாவட்ட ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் மூக்கில் குழாயோடு கிடந்தான். வாயால் உறிஞ்சிக் குடிக்க மூச்சு இடம் கொடுக்காததால், பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் பிடித்து இன்னொரு மெல்லிய குழாய் வழியாக அவன் வயிற்றுக்குள் விட்டார்கள். அவனுக்கு இடது பக்கமே போதுமாக இருந்தது. வலது பக்கத்துப் பாலைத் தொட்டியில் பீய்ச்சி ஊற்றும்போதெல்லாம் எனெலெசி வேறெங்கோ பார்த்துக்கொண்டாள். அதைக் குடிக்க வேண்டியவள் மலைமேல், தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில், அத்தை டொரிகாவின் கையில் இருந்தாள்.

அந்த வருஷம் சிப்பெரோனித் தூறல் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துகொண்டது. கிழக்கே மொசாம்பிக் மலையிலிருந்து கிளம்பிவரும் அந்த ஈரம் மழையாகவும் பெய்யாது, பனியாகவும் விலகாது. துணி காயாது, விறகு பற்றாது. கொழுந்து பறிக்கிற பெண்கள் முதுகில் கூடையோடு குனிந்து இருமினார்கள். முதலில் எனெலெசியின் புருஷன் லாய்சனுக்குத்தான் மூக்கு ஒழுகியது. தேயிலை ஆலையில் இலை வாட்டும் இடத்தில் வேலை பார்த்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து அடுப்பின் முன் சுருண்டு கிடந்தான். இரண்டு நாளில் எழுந்து வேலைக்குப் போனான். அதற்குள் அது லிம்பானியின் நெஞ்சில் இறங்கிவிட்டது. மூக்குத்துளை விரிந்து சுருங்க, விலா எலும்புக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழ, பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டான்.

“இது ஃப்ளூ. பெரியவங்களுக்கு மூக்கு ஒழுகும், போயிடும். இதுங்களுக்கு நேரா நெஞ்சுக்குப் போகுது” என்றாள் சுகாதார நிலையத்து நர்ஸ். “பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே கொண்டுபோ. இன்னொண்ணு நல்லாத்தானே இருக்கு? அத அங்க தூக்கிட்டுப் போகாத. வார்டு முழுக்க இருமல்.”

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். எனெலெசியும் அப்படியே செய்தாள். தடாலாவை டொரிகாவின் முதுகில் சித்தெஞ்சேத் துணியால் கட்டிவிட்டு லிம்பானியோடு ஆம்புலன்சில் ஏறினாள்.

வந்த நாளில் அவளும் அந்தக் குழாய்க்குப் பயந்தாள். மூக்கில் குழாய் மாட்டிய பிள்ளை வீட்டுக்குத் திரும்பாது என்பது லயன் முழுக்கப் பேசிக்கொள்கிற விஷயம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு இயந்திரம் ஓயாமல் உறுமியது. அதிலிருந்து கிளம்பிய காற்று பிள்ளையின் மூக்குக்குப் போய், மறுபக்கக் குழாயில் இறங்கி, தண்ணீர் ஊற்றிய ஒரு புட்டிக்குள் குமிழ் குமிழாக வெளியேறியது. “தண்ணி கொப்பளிச்சுக்கிட்டே இருக்கணும். கொப்பளிச்சா நல்லது. நின்னா என்னைக் கூப்பிடு” என்று சிஸ்டர் கம்வெண்டோ சொல்லியிருந்தார். எனெலெசி கண் எரிய எரிய அந்தப் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுக் காலையில் லிம்பானியின் விலாக்குழி ஆழம் குறைந்திருந்தது. குழாயோடேயே அவளைப் பார்த்து வாயை ஒரு பக்கமாக இழுத்துச் சிரித்தான்.

அவன் சிரித்த பிறகுதான் தடாலாவின் நினைப்பு அவளை முழுதாகப் பிடித்துக்கொண்டது.

முந்தாநாள் பார்வையாளர் நேரத்தில் லாய்சன் வந்திருந்தான். ஆண்களை உள்ளே விடாததால் ஜன்னலுக்கு வெளியே, சோளக்களித் தூக்கோடு நின்றான்.

“தடாலா எப்படி இருக்கா?”

“இருக்கா.”

“கஞ்சி குடிக்கிறாளா?”

“அக்கா குடுக்குது.”

“இருமல் ஏதும் இல்லையே?”

“எல்லாரும்தான் இருமுறோம்.” அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குமிழ்ப் புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “இத எப்ப எடுப்பாங்க?”

“மூச்சு சரியானதும்.”

அவன் தூக்கை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுக் கிளம்பினான். தடாலாவுக்கென்று அவள் பீய்ச்சிச் சுத்தமான சீசாவில் ஊற்றி மூடி வைத்திருந்த பாலைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் கட்டையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்தச் சீசாவை வெகுநேரம் கழித்துத்தான் அவள் பார்த்தாள். அப்போதிலிருந்து அவனுடைய போன் அணைந்து கிடந்தது. மலையில் கரண்ட் இல்லை, டவரும் வேலை செய்யவில்லை என்றார்கள். நாசிபெகோவின் போனை வாங்கி வாங்கி அழைத்ததில் நாசிபெகோ சிரித்துக்கொண்டே சொன்னாள்: “அந்த போனுக்கு வாய் இருந்தா உன்ன வையும்.”

அன்று காலை டாக்டர்கள் பார்த்துவிட்டுப் போன பிறகு, தோட்டத்தின் கீழ்ப் பக்க லயனிலிருந்து ஓர் இளம்பெண் பிள்ளையோடு வந்து சேர்ந்தாள். எனெலெசி அவளை உட்காரக்கூட விடவில்லை.

“தங்கச்சி, மேல் லயன் டொரிகாவத் தெரியுமா? அவகிட்ட என் பொண்ணு இருக்கா.”

“தெரியுமே. முதுகுல கட்டியிருந்தாங்க, பாத்தேன். உங்க பொண்ணா அது? முந்தியெல்லாம் ஒரே அழுகைக்கா. இப்ப சமத்தாயிடுச்சு. சத்தமே இல்ல.”

லிம்பானியும் இப்படித்தான் சமத்தானான்.

சிஸ்டர் கம்வெண்டோ மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். எனெலெசி வழியை மறித்து நின்று சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே ஊசியில் மருந்தை ஏற்றினார். பிறகு வண்டியை விட்டுவிட்டு வராந்தாவுக்குப் போய்ச் சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார். மணி போகவே இல்லை.

“ஆம்புலன்ஸ் பிரசவக் கேசுக்குப் போயிருக்கும்மா. வந்ததும் மேல அனுப்பச் சொல்றேன்.”

“எப்ப வரும் சிஸ்டர்?”

“வந்தாத்தான் வந்துச்சுன்னு சொல்ல முடியும்.”

“நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்.”

“உன்னப் புடிச்சு வைக்க எனக்கும் மனசு வரல. ஆனா இவன் கையால குழாயப் புடிச்சு இழுப்பானே. இத்தன கட்டிலுக்கும் நான் ஒருத்திதான் நிக்கிறேன்.”

நாசிபெகோ தன் கடைக்குட்டியைக் கட்டிலில் கிடத்திவிட்டு எழுந்து வந்தாள். தன் பிள்ளையின் காலுறைகளைக் கழற்றி லிம்பானியின் இரண்டு கைகளிலும் மாட்டிவிட்டாள். “இனி எப்படி இழுப்பான் பாக்கலாம். நீ போடி இரட்டைக்காரி. இவன் மூக்குலேர்ந்து இது அவுந்தா என் மூக்கு அவுந்த மாதிரி. போ, இங்க நின்னு என்னயும் சேத்துப் படுத்தாத.”

லிம்பானி தூங்கும்வரை எனெலெசி காத்திருந்தாள். விழித்திருக்கும்போது விட்டுப் போக அவளால் முடியாது. அவன் கண் செருகியதும், திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

மினிபஸ் நிறுத்தத்தில் ஒரு வண்டிதான் நின்றது. நிரம்பாமல் கிளம்பாது. “ரெண்டே சீட்டு, ரெண்டே சீட்டு” என்று பையில் தாளம் போட்டபடி கத்திக்கொண்டிருந்த கண்டக்டர், இரண்டு பேர் ஏறியதும் மறுபடியும் “ரெண்டே சீட்டு” என்றான். எனெலெசி ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். ஒருத்தி கோழிகளை ஏற்றலாமா என்று டிரைவரோடு பேரம் பேசினாள். கண்ணாடிக்கு வெளியே தூறல் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கோழிக்காரியின் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும்போல் எனெலெசிக்கு இருந்தது. அப்போது பட்டறையில் பழுது பார்த்துவிட்டு மலைக்குத் திரும்பும் கொழுந்து லாரி ஒன்று திருப்பத்தில் வேகம் குறைத்தது. அவள் மினிபஸ்ஸிலிருந்து குதித்து ஓடி அதன் முன்னால் நின்றாள்.

“ஆளுங்கள ஏத்தக் கூடாதுன்னு இம்மாம்பெரிய எழுத்துல எழுதியிருக்கே. படிக்கத் தெரியாதா?” என்றான் டிரைவர்.

“தெரியும்ணே. என் கொழந்த மேல் லயன்ல இருக்கா. மூச்சு வாங்குது. அழக்கூட மாட்டேங்குறா.”

அவன் கதவைத் திறந்துவிட்டான். மலையேறும்போது பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். அவள் காதில் விழவில்லை. ஒவ்வொரு வளைவிலும் தன் வலது காலைத் தரையில் அழுத்திக்கொண்டிருந்தாள், அவள் மிதித்தால் லாரி இன்னும் வேகமாகப் போகும் என்பதுபோல.

லயன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. திறந்ததும் புகை முகத்தில் அறைந்தது. ஈர விறகு கனன்றுகொண்டிருந்தது. குளிருக்கு அடக்கமாக ஜன்னல் சந்துகளிலெல்லாம் சாக்கு அடைத்திருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் டொரிகா தடாலாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாகத் துணி.

“நீயா? அவன விட்டுட்டா வந்த?” என்றாள் டொரிகா.

எனெலெசி மண்டியிட்டுத் துணிகளை விலக்கினாள். கடைசித் துணியையும் விலக்கியபோது கண்ணில் பட்டது அதே குழி. மூச்சுக்கு மூச்சு விலாவுக்குக் கீழே விழுந்து எழும்பியது. தடாலா அவளை அடையாளம் கண்டுகொண்டாள். உதட்டைப் பிதுக்கினாள். அழுகை வரவில்லை. எனெலெசி ரவிக்கையை விலக்கி வலது மார்பைக் கொடுத்தாள். பிள்ளை ஆவலாகக் கவ்வியது, ஓர் இழுப்பு இழுத்தது, உடனே விட்டுவிட்டு மூச்சுக்கு அலைந்தது. மறுபடி கவ்வியது, மறுபடி விட்டது. பால் அதன் கன்னத்தில் தானாக வழிந்தது.

“எப்பலேர்ந்து மதினி?”

“லாய்சன் ஒன்ன வந்து பாத்தானே, அதுக்கு மொத நாள்.”

“அப்ப ஏன் அவர் சொல்லல? ஏன் தூக்கிட்டு வரல?”

வாசலில் நிழல் விழுந்தது. லாரி டிரைவர் ஆலையில் சொல்லியிருக்க வேண்டும். லாய்சன் ஓடி வந்திருந்தான். வேலை உடுப்பெல்லாம் இலைத்தூள்.

“நான்தான் வேணாம்னேன். அக்காவக் கேக்காத” என்றான். “அங்க ஒருத்தன் குழாயோட கெடக்கான். அவன் திரும்புவானா மாட்டானான்னு தெரியல. இவளையும் கொண்டுவந்து அதுல மாட்டச் சொல்றியா? ஒண்ணாவது கையில இருக்கட்டும்னு நெனச்சேன்.”

“லிம்பானி நேத்து என்னப் பாத்து சிரிச்சான். குழாயோட சிரிச்சான்.”

“என் அலெஃபாவும் சிரிச்சா” என்றாள் டொரிகா. குரலை உயர்த்தவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அதே வார்டு. ஜன்னலோரக் கட்டில். குழாய மாட்டினாங்க, சாயங்காலம் சிரிச்சா, மறுநாள் காலைல துணியச் சுத்திக் கையில குடுத்தாங்க. நீ அப்ப இந்த வீட்டுக்கு வரல.”

டொரிகாவுக்கு ஒரு பெண் பிறந்து போனது என்று மட்டும்தான் எனெலெசிக்குத் தெரியும். எப்படிப் போனது என்று யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. இப்போது கேட்க நேரமில்லை. தடாலாவை மார்போடு நிமிர்த்திப் பிடித்துச் சித்தெஞ்சேயால் கட்டினாள்.

“மதினி, நீங்க சொன்னது பொய்னு நான் சொல்லல. ஆனா இங்க உக்காந்திருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். இவ மூச்சப் பாருங்க. நான் போறேன். அங்க ரெண்டு புள்ளைக்கு ரெண்டு மடி வேணும், எனக்கு ஒரு மடிதான் இருக்கு. வர்றீங்களா?”

டொரிகா தலையை ஆட்டினாள். “அந்த வாசல்ல என்னால கால வைக்க முடியாதுடி.”

எனெலெசி நிற்கவில்லை. வெளியே வந்து தேயிலைப் புதர்களுக்கு நடுவே இறங்கும் குறுக்குப் பாதையில் வேகமாக நடந்தாள். சற்று நேரத்தில் பின்னால் சைக்கிள் சத்தம் கேட்டது. லாய்சன் பக்கத்தில் வந்து காலை ஊன்றினான். “ஏறு” என்றான்.

மூடுபனிக்குள் பாதை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பிரேக் பிடிக்காத அந்த சைக்கிளை அவன் செருப்புக் காலால் தேய்த்துத் தேய்த்துக் கட்டுப்படுத்தினான். இருமல் வந்தபோது முகத்தைத் தோளுக்கு அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். வெகுதூரம் போன பிறகு கேட்டான்: “நான்தான குடுத்தேன், இந்தச் சளிய?”

“ஊரே இருமுது. பாதையப் பாத்து ஓட்டு.”

தார் ரோட்டில் மினிபஸ் கிடைத்தது. அவள் குதித்து இறங்கிப் போன அதே வண்டி. லாய்சன் சைக்கிளை ஓரத்தில் சாய்த்துவிட்டு அவளோடு ஏறினான். கண்டக்டர் அவள் நெஞ்சிலிருந்த பிள்ளையை ஒரு தடவை பார்த்துவிட்டு, முன் இருக்கையிலிருந்த ஆளை எழுப்பிவிட்டான். நகரம் வரை எங்கும் நிறுத்தவில்லை. இறங்க வேண்டியவர்கள் முணுமுணுத்தார்கள்.

வார்டில் சிஸ்டர் கம்வெண்டோ தடாலாவின் கால் விரலில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும், சிவப்பு விளக்கு எரியும் கிளிப்பை மாட்டினார். எண்ணைப் பார்த்ததும் முகம் மாறியது. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார். குமிழ் இயந்திரங்கள் வார்டில் இரண்டுதான் இருந்தன. ஒன்று பிறந்து சில நாளே ஆன ஒரு சிசுவுக்கு. மற்றொன்று லிம்பானிக்கு. சின்ன டாக்டர் லிம்பானியின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், வயிற்றைப் பார்த்தார், மறுபடி கேட்டார்.

“இவனுக்கு இனி சிலிண்டர்லேர்ந்து சாதா ஆக்ஸிஜனே போதும்னு தோணுது” என்றார்.

“தோணுதுன்னா?” என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து லாய்சன் கேட்டான்.

டாக்டர் அவனைத் திரும்பிப் பார்த்தார். மறைக்கவில்லை. “தோணுதுதான். மாத்திப் பாத்தாத்தான் தெரியும். ஆனா இவளுக்கு இப்பவே வேணும், அது நிச்சயம்.”

அவர்கள் அவளிடம் சம்மதம் கேட்டார்களா, அவள் தலையசைத்தாளா என்று எனெலெசிக்குப் பிறகு நினைவில்லை. ஒருவன் மூக்கிலிருந்து கழற்றினார்கள். இயந்திரத்துக்கு வேறு குழாய் பூட்டி இன்னொருத்திக்கு மாட்டினார்கள். புட்டியில் தண்ணீர் மறுபடி கொப்பளித்தது. அவள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள். இவன் விலாவைப் பார்த்தால் அவள் குழி ஆழமானதுபோல் இருந்தது. அவளைப் பார்த்தால் இவன் மூச்சு வேகமானதுபோல் இருந்தது.

நாசிபெகோ அன்று சாயங்காலம்வரை லிம்பானியை மடியில் வைத்திருந்தாள். அவளுடைய கடைக்குட்டிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியாகிவிட்டது. மூட்டை கட்டி வைத்த பிறகும் போகாமல் உட்கார்ந்திருந்தாள். புருஷன் வாசலிலிருந்து மூன்றாம் தடவை கூப்பிட்டபோதுதான் எழுந்தாள். “காலுறைய வெச்சுக்க. அடுத்த வருஷம் இவன் என் வீட்டு வாசல்ல வந்து திருப்பித் தரணும், சொல்லிட்டேன்” என்றாள். போகிறபோது எனெலெசியின் தோளைப் பிடித்து அழுத்தி அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் காலை கஞ்சி கொடுக்கும் நேரத்தில் டொரிகா வந்தாள். வார்டு வாசற்படியில் நின்றாள். கையில் தூக்கு, இடுப்பில் மாற்றுத்துணி மூட்டை. முடியெல்லாம் தூறல். ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்தாள். அதில் யாரோ ஒரு தாய் பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். டொரிகா வெகுநேரம் நின்றாள். எனெலெசி கூப்பிடவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் போய்விடுவாளோ என்று பயந்தாள். கடைசியில் டொரிகா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, லிம்பானியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“அந்தச் சனியன என் பக்கம் திருப்பாத. அது கொப்பளிக்கிறத என்னால பாக்க முடியாது” என்றாள்.

அன்று மத்தியானம் கரண்ட் போனது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பகல் வெளிச்சம் இருந்தது. வார்டில் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்த உறுமல் நின்றபோது, ஏதோ ஒரு தொல்லை தீர்ந்ததுபோல் ஒரு நிம்மதிதான் முதலில் வந்தது. பிறகு எனெலெசி புட்டியைப் பார்த்தாள். தண்ணீர் அசையாமல் நின்றது.

“சிஸ்டர்.”

சிஸ்டர் கம்வெண்டோ ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தார். இரண்டு இயந்திரங்களும் நின்றிருந்தன. அவர் சிசுவின் பக்கம் போனார். உதவிக்கு வந்த பெண் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். அதைத் திறக்கும் சாவியைத் தேடினார்கள். தடாலாவின் உதட்டோரம் சாம்பல் நிறமானது. எனெலெசி அவளைத் தூக்கி நிமிர்த்திப் பிடித்தாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

டொரிகா எழுந்து நின்றிருந்தாள். புட்டியையே வெறித்துப் பார்த்தாள். “அன்னைக்கும் இந்தச் சத்தம் நின்னுச்சு” என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. “நின்னுச்சுடி. கொழந்த தூங்கட்டும்னு நிறுத்திட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு நான் பேசாம உக்காந்திருந்தேன்.”

“மதினி?”

“ஜெனரேட்டர் எங்க இருக்கு?” என்று டொரிகா உதவிக்காரப் பெண்ணைப் பார்த்துக் கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. லிம்பானியின் சாதாக் குழாயும் அவன் சிலிண்டரும் ஒழுங்காக இருப்பதைக் கையால் தொட்டுப் பார்த்து, அவனைக் கட்டிலில் கிடத்திவிட்டு, வெறுங்காலோடு ஓடினாள்.

அவள் அங்கே போய் என்ன பேசினாள் என்பதை லாய்சன்தான் பிறகு சொன்னான். வாசலில் காத்திருந்தவன் அக்கா ஓடுவதைப் பார்த்துப் பின்னாலேயே போனான். ஜெனரேட்டர் கொட்டகையில் ஆள் இருந்தான். டீசல் கொஞ்சம்தான் இருக்கிறது, ஆபரேஷன் அறைக்கு வேண்டும், மேலதிகாரியைக் கேட்டுவர ஆள் அனுப்பியிருக்கிறேன், வரட்டும் என்றானாம். டொரிகா அவன் சட்டையைப் பிடிக்கவில்லை, திட்டவில்லை. “தம்பி, நான் இங்க ஒரு கொழந்தையப் பறிகுடுத்திருக்கேன். அன்னைக்கு யாரையும் கேக்கல, பேசாம இருந்தேன். இன்னைக்குப் பேசாம இருக்க மாட்டேன். நீ ஓட்டு. யார் கேட்டாலும் டொரிகா ஓட்டச் சொன்னான்னு சொல்லு” என்றாளாம்.

“டொரிகா யாருன்னு அவன் கேக்கலையா?” என்றாள் எனெலெசி.

“கேக்கல. ஓட்டிட்டான்” என்றான் லாய்சன்.

இதற்கிடையில் வார்டில் சிலிண்டர் சாவி கிடைத்திருந்தது. சிஸ்டர் கம்வெண்டோ சிசுவுக்குக் காற்றுப்பையை அமுக்கிக்கொண்டே, தடாலாவின் மூக்கில் ஆக்ஸிஜனைப் பூட்டச் சொல்லிக் கொடுத்தார். அது போதவில்லை, ஆனால் தாங்கியது. இயந்திரம் மறுபடி உறுமத் தொடங்கியபோது எனெலெசி தரையில் உட்கார்ந்துவிட்டாள். குமிழ் ஒன்று எழும்பியது, பிறகு இன்னொன்று, பிறகு ஒரே கொப்பளிப்பு.

அலெஃபாவைக் கொண்டுபோனது கரண்டா, காய்ச்சலா, அல்லது தாமதமாக வந்ததா என்று இப்போது யாரால் சொல்ல முடியும்? டொரிகா திரும்பி வந்து கால் மண்ணைத் தட்டிவிட்டு லிம்பானியை எடுத்துக்கொண்டாள். இந்தத் தடவை நாற்காலியை இழுத்துப் புட்டிக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனெலெசி தூங்கச் சொன்னாலும், “நீ தூங்கு, நான் பாக்குறேன்” என்றாள்.

தடாலா தேற லிம்பானியைவிட அதிக நாள் பிடித்தது. ஒருநாள் நன்றாக இருப்பாள், மறுநாள் காய்ச்சல் ஏறும். மருந்தை மாற்றினார்கள். அவள் குழாயைப் பிடுங்கிப் போட்டு, வீறிட்டு வார்டையே கலக்கிய காலையில், மருந்து வண்டியோடு வந்த சிஸ்டர் கம்வெண்டோ நின்று கேட்டார். “அழட்டும். நல்லா அழட்டும். இந்தச் சத்தம் எனக்கு வேணும்” என்றார்.

வீடு திரும்பியபோது தூறல் விட்டபாடில்லை. டொரிகா முதல் வேலையாக ஜன்னல் சந்துகளில் அடைத்திருந்த சாக்குகளைப் பிடுங்கி எறிந்தாள். அடுப்பைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தினாள். லாய்சன் கூரையின் ஒழுகலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஏணி வாங்கப் போனான். இரண்டு பிள்ளைகளும் பாயில் ஒட்டிப் படுத்துத் தூங்கினார்கள்.

எனெலெசிக்கு மட்டும் இன்னும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. குனிந்து ஒன்றின் மூக்கருகே காதை வைப்பாள், பிறகு மற்றதன் மூக்கருகே. சித்தெஞ்சேயை மடிப்பாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள்.

“உக்காருடி. நல்லாத்தானே தூங்குதுங்க” என்றாள் டொரிகா.

எனெலெசி உட்கார்ந்தாள். அப்போது இரண்டு வீடு தள்ளி ஒரு பிள்ளை இருமியது. வறட்டு இருமல், அடுத்தடுத்து, நடுவில் மூச்சை இழுக்கும் சீட்டிச் சத்தத்தோடு. இருமல் அடங்கியது. அழுகை வருமென்று இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

டொரிகா அவளைப் பார்த்தாள். எனெலெசி சித்தெஞ்சேயைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் இறங்கினாள். டொரிகா இரட்டைப் பிள்ளைகளின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, “தட்டிக்கிட்டு நிக்காத, உள்ள போய்ச் சட்டையத் தூக்கி விலாவப் பாரு” என்று பின்னால் குரல் கொடுத்தாள்.